நாட்பட்ட இரைச்சலும் நினைவாற்றலில் பால் வேறுபாடுகளும்

நாட்பட்ட இரைச்சல் என்பது வாரக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ ஒருவரைத் தொடர்ந்து சூழ்ந்திருக்கும் வேண்டாத ஒலி ஆகும். இது கேட்கும் திறனைக் குறைப்பதோடு மூளையின் கற்றல், நினைவு ஆகிய செயற்பாடுகளையும் பாதிக்கின்றது. இப்பாதிப்பு ஆண்களிலும் பெண்களிலும் ஒரே அளவில், ஒரே முறையில் நிகழ்கின்றதா என்பது நரம்பியல், உடலியங்கியல், பொதுச் சுகாதாரவியல் ஆகிய துறைகளில் ஆராயப்படும் கேள்வியாகும். நாட்பட்ட இரைச்சல் மூளையில் உண்டாக்கும் மாற்றங்கள் குறித்துத் தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் குறிப்பிடத்தக்க விலங்காய்வுகள் நடைபெற்றுள்ளன. இக்கட்டுரை அவ்வாய்வுகளையும், மன அழுத்தம் நினைவைப் பாதிப்பதில் காணப்படும் பால் வேறுபாடுகளையும், பள்ளிச் சிறார் பற்றிய பன்னாட்டு ஆய்வுகளையும், கள்ளக்குறிச்சி மாவட்டச் சூழலில் இவற்றின் பொருத்தத்தையும் விளக்குகின்றது.

இரைச்சலும் அதன் அளவீடும்

ஒலியின் மட்டம் டெசிபல் என்னும் அலகால் அளக்கப்படுகின்றது. இது மடக்கை அளவுகோல் ஆகும். எனவே 10 டெசிபல் உயர்வு என்பது ஒலிச்செறிவு 10 மடங்கு ஆவதைக் குறிக்கும். 20 டெசிபல் உயர்வு 100 மடங்கைக் குறிக்கும். மனிதச் செவிக்கு 10 டெசிபல் உயர்வு ஏறத்தாழ இரு மடங்கு உரத்த ஒலியாகத் தோன்றும். மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை என்பதால், அதற்கேற்பத் திருத்தப்பட்ட அளவு "ஏ-நிறையிட்ட டெசிபல்" எனப்படுகின்றது. சட்டங்களிலும் ஆய்வுகளிலும் பெரும்பாலும் இவ்வளவே பயன்படுகின்றது.

இரைச்சலின் விளைவுகள் இரு வகைப்படும்.

• செவி சார்ந்த விளைவுகள்: உட்செவியின் மயிர்க்கலங்கள் சிதைதல், கேள்திறன் இழப்பு, காதிரைச்சல் ஆகியன.
• செவி சாராத விளைவுகள்: உறக்கக் குலைவு, குருதியழுத்த உயர்வு, மன அழுத்தம், கவனச் சிதறல், கற்றலிலும் நினைவிலும் தொய்வு ஆகியன.

கேள்திறனைப் பாதிக்காத அளவிலான ஒலியும் இரண்டாம் வகை விளைவுகளை உண்டாக்கக்கூடும். 60 அல்லது 65 டெசிபல் அளவுள்ள சாலை இரைச்சல் காதைச் செவிடாக்காது. ஆனால் வகுப்பறையில் ஆசிரியரின் குரலை மறைப்பதற்கு அது போதுமானது.

இரைச்சல் மூளையைப் பாதிக்கும் விதம்

செவியிலிருந்து வரும் நரம்புத் துடிப்புகள் பெருமூளையின் கேட்டல் பகுதிக்கு மட்டுமன்றி, அச்சத்தையும் எச்சரிக்கையையும் ஆளும் அமிக்டலா என்னும் பகுதிக்கும் செல்கின்றன. கட்டுப்படுத்த இயலாத உரத்த ஒலியை உடல் ஓர் அச்சுறுத்தலாகக் கொள்கின்றது. அப்போது ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிச் சுரப்பி, அண்ணீரகச் சுரப்பி ஆகியவை ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் அழுத்த இயக்குநீர்கள் குருதியில் கலக்கின்றன. மனிதரில் கார்ட்டிசாலும் எலிகளில் கார்ட்டிகோஸ்டீரோனும் இவற்றுள் முதன்மையானவை.

குறுகிய நேரம் சுரக்கும்போது இவ்வியக்குநீர்கள் பயனுள்ளவை. உடலுக்குத் தேவையான ஆற்றலைத் திரட்டித் தருவதோடு, முக்கியமான நிகழ்வுகள் மனத்தில் பதியவும் இவை உதவுகின்றன. நாள்தோறும் நீண்ட நேரம் மிகுந்திருக்கும்போது நிலை மாறுகின்றது. புதிய நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் இவ்வியக்குநீர்களின் ஏற்பிகள் மிகுதியாக உள்ளன. ஆகவே அப்பகுதியே முதலில் பாதிக்கப்படும் பகுதிகளுள் ஒன்றாகின்றது. அங்குள்ள நரம்பணுக்களின் டெண்ட்ரைட்டு எனப்படும் கிளைநீட்சிகள் சுருங்குகின்றன. இக்கிளைகளே பிற நரம்பணுக்களிடமிருந்து செய்தியைப் பெறுபவை என்பதால், அவற்றின் சுருக்கம் கற்றலைத் தளரச் செய்கின்றது.

பாதிக்கப்படும் மற்றொரு பகுதி முன்நெற்றி மேற்பட்டை ஆகும். ஒரு தொலைபேசி எண்ணை எழுதி முடிக்கும் வரை மனத்தில் வைத்திருப்பது போன்ற செயல்நினைவுக்கு இப்பகுதி இன்றியமையாதது. குரங்குகளை இரைச்சலுக்கு உட்படுத்தியபோது அவற்றின் செயல்நினைவு குறைந்ததையும், முன்நெற்றி மேற்பட்டையில் டோபமைன் மிகுவது அதற்குக் காரணமாதலையும் ஆர்ன்ஸ்டன், கோல்ட்மன்-ராக்கிச் ஆகியோர் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

இவை தவிர, இரைச்சல் இரு மறைமுக வழிகளிலும் கற்றலைத் தாக்குகின்றது. முதலாவது, உறக்கக் குலைவு. பகலில் கற்றவை உறக்கத்தின்போதே உறுதிப்படுகின்றன என்பதால், இரவு இரைச்சல் மறுநாள் நினைவைக் குறைக்கின்றது. இரண்டாவது, பேச்சு மறைப்பு. சொல் தெளிவாகக் கேட்காதபோது, அதைப் பொருத்திப் புரிந்துகொள்வதிலேயே மூளையின் உழைப்பு செலவாகிவிடுகின்றது. அதை நினைவில் நிறுத்த எஞ்சும் ஆற்றல் குறைவு.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுகள்

சென்னை தரமணியில் அமைந்துள்ள மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகும். 1942 முதல் 1969 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த மருத்துவரின் பெயரை இந்நிறுவனம் தாங்கியுள்ளது. இதன் உடலியங்கியல் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இரைச்சல் அழுத்தம் பற்றித் தொடர்ச்சியான ஆய்வுகளை மேற்கொண்டனர்.

2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இவற்றுள் நினைவாற்றலோடு நேரடியாகத் தொடர்புடையது. அதில் ஆண் விஸ்டார் வெள்ளெலிகள் நாளொன்றுக்கு 4 மணி நேரம் வீதம் 30 நாட்களுக்கு 100 டெசிபல் இரைச்சலுக்கு உட்படுத்தப்பட்டன. அவற்றின் இட நினைவு எட்டுக்கை ஆரப் புதிர்வழி என்னும் கருவியால் சோதிக்கப்பட்டது. 1976 இல் ஓல்ட்டன், சாமுவெல்சன் ஆகியோர் அறிமுகப்படுத்திய இக்கருவியில், நடுமேடை ஒன்றிலிருந்து எட்டுப் பாதைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போலப் பிரிகின்றன. சில பாதைகளின் முடிவில் மட்டும் உணவு வைக்கப்படும். எலி செய்யும் பிழைகள் இரு வகையாகக் கணக்கிடப்படும்.

• செயல்நினைவுப் பிழை: அன்றைய சோதனையில் ஏற்கனவே சென்று உண்டு வந்த பாதைக்கே மீண்டும் செல்லுதல்.
• குறிப்புநினைவுப் பிழை: ஒருபோதும் உணவு வைக்கப்படாத பாதைக்குச் செல்லுதல்.

இரைச்சலுக்கு உட்பட்ட எலிகளில் இவ்விரு வகைப் பிழைகளும் மிகுந்தன. குருதியில் கார்ட்டிகோஸ்டீரோன் உயர்ந்திருந்தது. அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப்பொருளைச் சிதைக்கும் நொதியின் செயற்பாடு கூடியிருந்தது. நினைவுக்கு வேண்டிய ஒரு செய்திப்பொருள் விரைந்து அழிவதை இது குறிக்கின்றது. ஹிப்போகாம்பசிலும் நடு முன்நெற்றி மேற்பட்டையிலும் ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் தனியுறுப்புகளின் சமநிலை குலைந்து கொழுப்புகள் ஆக்சிசனேற்றம் அடைந்திருந்தன. கிளைநீட்சிகளின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. இவ்வாறு நடத்தை, வேதியியல், உயிரணு வடிவம் ஆகிய மூன்று நிலைகளிலும் மாற்றங்கள் ஒருங்கே காணப்பட்டமை இவ்வாய்வின் சிறப்பாகும்.

இதே நிறுவனத்தில் நடந்த பிற ஆய்வுகளில் துளசிச் சாறு, திரிபலா ஆகியவை இரைச்சல் அழுத்தத்தால் எலிகளில் விளையும் மாற்றங்களைக் குறைக்கின்றனவா எனச் சோதிக்கப்பட்டது. 2005 இல் வெளியான ஆய்வு ஒன்றில், இரைச்சலால் மூளையில் உயர்ந்த நரம்புச் செய்திப்பொருள்களின் அளவைத் துளசிச் சாறு தணித்ததாகக் கண்டறியப்பட்டது. இவை எலிகளில் கிடைத்த முடிவுகள். மனிதரில் இரைச்சல் பாதிப்புக்கு மருந்தாக இவற்றைக் கொள்ள இவை மட்டும் சான்றாகா.

இவ்வாய்வுகளைப் பொருள்கொள்ளும்போது இரு செய்திகளைக் கருத வேண்டும். முதலாவது, இங்குப் பயன்பட்ட 100 டெசிபல் என்பது சாலை இரைச்சலை விடத் தொழிற்கூட இரைச்சலோடு ஒப்பிடத்தக்கது. தொழிற்சாலைச் சட்டம், 1948 இன் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள் 90 டெசிபலில் 8 மணி நேரமும் 100 டெசிபலில் 2 மணி நேரமும் மட்டுமே பணிபுரிய இசைந்தன. எலிகள் உட்பட்டது அதைப்போல் இரு மடங்கு நேரமாகும். இரண்டாவது, நினைவுச் சோதனைக்கு உட்பட்டவை ஆண் எலிகள். பெண் எலிகளிலும் இதே விளைவு இதே அளவில் நிகழும் எனக் கொள்ள இயலாது என்பதைப் பிற அழுத்த ஆய்வுகள் உணர்த்துகின்றன.

அழுத்தமும் பால் வேறுபாடும்

இரைச்சல் நினைவைப் பாதிப்பது பெரிதும் அழுத்த இயக்குநீர்களின் வழியாகவே. எனவே பிற வகை அழுத்தங்களைப் பற்றிய ஆய்வுகளில் கண்ட பால் வேறுபாடுகள் இங்குப் பொருத்தமுடையவை. இவற்றுள் பெரும்பாலானவை எலிகளைக் குறுகிய கூட்டில் அசையவிடாது நாள்தோறும் சில மணி நேரம் அடைத்துவைக்கும் முறையைப் பின்பற்றியவை.

நியூயார்க்கில் விக்டோரியா லூயின் குழுவினர் 1994 இல் வெளியிட்ட ஆய்வில், 21 நாட்கள் நாளொன்றுக்கு 6 மணி நேரம் அடைக்கப்பட்ட ஆண் எலிகள் ஆரப் புதிர்வழியில் பின்தங்கின. அதே குழுவினர் 2001 இல் பெண் எலிகளைச் சோதித்தபோது முடிவு நேர்மாறாக இருந்தது. அடைக்கப்பட்ட பெண் எலிகள் அடைக்கப்படாதவற்றை விடச் சிறப்பாகச் செயற்பட்டன. உயிரணு நிலையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கலியா என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1997 இல் வெளியிட்ட ஆய்வில், நாட்பட்ட அழுத்தத்தால் ஆண் எலிகளின் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களில் மேல்புறக் கிளைநீட்சிகள் தெளிவாகச் சுருங்கின. பெண் எலிகளில் அச்சுருக்கம் குறைவாகவும் வேறிடத்திலும் காணப்பட்டது.

இவற்றைக் கொண்டு பெண் உயிரிகள் அழுத்தத்தால் பாதிக்கப்படுவதில்லை என்ற முடிவுக்கு வருதல் பிழையாகும். உட், சோர்ஸ் ஆகியோர் 1998 இல் வேறு வகைக் கற்றலை ஆராய்ந்தனர். ஓர் ஒலி கேட்டவுடன் கண்ணிமைக்கப் பழகும் எளிய கற்றலில், அழுத்தத்திற்குப் பின் ஆண் எலிகள் முன்னிலும் விரைவாகக் கற்றன. பெண் எலிகள் கற்பதில் பின்தங்கின. சூலகங்கள் நீக்கப்பட்ட பெண் எலிகளில் இப்பின்னடைவு காணப்படவில்லை. அதாவது, யார் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர் என்பது சோதிக்கப்படும் நினைவின் வகையைப் பொறுத்து மாறுகின்றது.

ஈஸ்ட்ரோஜனின் பங்கு

இவ்வேறுபாட்டில் ஈஸ்ட்ரோஜன் முதன்மையான பங்கு வகிக்கின்றது. பெண் எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சி 4 முதல் 5 நாட்கள் கொண்டது. அச்சுழற்சிக்குள் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக் கிளைகளின் மீதுள்ள நுண்முட்களின் அடர்த்தி ஏறத்தாழ 30 விழுக்காடு ஏறி இறங்குவதை வுல்லி, மெக்குவன் முதலியோர் 1990 களின் தொடக்கத்தில் கண்டறிந்தனர். நுண்முட்களே நரம்பிணைப்புகள் அமையும் இடங்கள். எனவே ஈஸ்ட்ரோஜன் மிகும் நாட்களில் ஹிப்போகாம்பசின் இணைப்புகளும் மிகுகின்றன. நாட்பட்ட அழுத்தம் கிளைகளைச் சுருக்கும்போது இவ்வியக்குநீர் அதற்கு ஓரளவு ஈடுசெய்கின்றது எனக் கருதப்படுகின்றது.

முன்நெற்றி மேற்பட்டையில் நிலைமை வேறு. அழுத்தம் தரும் மருந்தொன்றைக் கொண்டு சான்ஸ்கி முதலியோர் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் மிகுந்துள்ள பெண் எலிகளின் செயல்நினைவு ஆண் எலிகளினதை விடக் குறைந்த அளவு அழுத்தத்திலேயே குலைந்தது. ஒரே இயக்குநீர் ஒரு பகுதியில் காப்பாகவும் மற்றொரு பகுதியில் பாதிப்பைக் கூட்டுவதாகவும் அமைவதால், "ஆண் மூளை", "பெண் மூளை" என எளிதாகப் பிரித்து எது வலியது எனக் கூற இயலாது.

மனிதரில் பால் வேறுபாடு

மனிதரிலும் அழுத்தத்திற்கான இயக்குநீர் மறுமொழி பாலுக்கேற்ப வேறுபடுகின்றது. பலர் முன்னிலையில் பேசுதல், மனக்கணக்குச் செய்தல் ஆகிய சோதனைகளில் ஆண்களின் கார்ட்டிசால் உயர்வு சராசரியாகப் பெண்களினதை விட மிகுதியாக இருப்பதை 1990 களில் செர்மனியில் கிர்ஷ்பாம் முதலியோர் காட்டினர். பெண்களில் இவ்வுயர்வு மாதவிடாய்ச் சுழற்சியின் கட்டத்தையும், கருத்தடை மாத்திரை உட்கொள்வதையும் பொறுத்து மாறியது. வோல்ஃப் முதலியோர் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், கார்ட்டிசால் மிகுதியாக உயர்ந்த ஆண்கள் சொற்பட்டியலைக் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். பெண்களில் இத்தொடர்பு காணப்படவில்லை.

அதே வேளை, இரைச்சல் தரும் எரிச்சல் உணர்வில் பால் வேறுபாடு இல்லை எனலாம். மீடெமா, வோஸ் ஆகியோர் போக்குவரத்து இரைச்சல் பற்றிய பல களஆய்வுகளைத் தொகுத்து 1999 இல் வெளியிட்ட பகுப்பாய்வில், எரிச்சலின் அளவைத் தீர்மானிப்பதில் ஒருவரின் பால் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கவில்லை. இரைச்சல் குறித்த அச்சமும், இயல்பான இரைச்சல் கூருணர்வுமே பெரும் பங்கு வகித்தன.

மனிதரைப் பற்றிப் பேசும்போது இரு வேறு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும்.

• வெளிப்பாட்டு வேறுபாடு: ஆணும் பெண்ணும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு அளவு இரைச்சலைப் பெறுதல்.
• கூருணர்வு வேறுபாடு: ஒரே அளவு இரைச்சலைப் பெற்றும் உடலும் மூளையும் வெவ்வேறு விதமாக மறுமொழி தருதல்.

ஆண்களில் இரைச்சலால் கேள்திறன் இழப்பு மிகுதியாகக் காணப்படுவதற்கு அவர்கள் இரைச்சல் மிகுந்த தொழில்களில் பெருமளவில் ஈடுபடுவது ஒரு முதன்மைக் காரணம். இது வெளிப்பாட்டு வேறுபாடு. கூட்டில் வளரும் எலிகளில் வெளிப்பாட்டைச் சமமாக்கிக் கூருணர்வை மட்டும் தனித்து அளக்க இயலும். ஊரில் வாழும் மனிதரில் இவ்விரண்டும் கலந்தே காணப்படும்.

பள்ளிச் சிறார் பற்றிய ஆய்வுகள்

கற்றலின் மீது இரைச்சலின் தாக்கத்தைப் பற்றிய உறுதியான மனிதச் சான்றுகள் பள்ளிச் சிறாரிடமிருந்து கிடைத்தவை.

நியூயார்க்: உயரத்தில் அமைந்த தொடர்வண்டிப் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியைப் பற்றிய ஆய்வு 1975 இல் வெளியானது. பாதைப் பக்க வகுப்பறைகளில் பயின்ற ஆறாம் வகுப்பு மாணவர்கள், மறுபக்க வகுப்பறைகளில் பயின்றோரை விட வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு வரை பின்தங்கியிருந்தனர். பின்னர்த் தண்டவாளத்தில் இரப்பர் திண்டுகளும் வகுப்பறைகளில் ஒலியுறிஞ்சும் மேற்கூரையும் அமைக்கப்பட்டன. 1981 இல் மீண்டும் சோதித்தபோது இவ்வேறுபாடு மறைந்திருந்தது.

மியூனிக்: 1992 இல் இந்நகரின் பழைய வானூர்தி நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டது. இரு இடங்களிலும் இருந்த சிறார் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டனர். புதிய நிலையத்தின் அருகில் வாழ்ந்தோரின் நீண்டகால நினைவும் வாசிப்பும் குறைந்தன. பழைய நிலையத்தின் அருகில் வாழ்ந்தோரில் அவை மேம்பட்டன. பாதிப்பு மீளத்தக்கது என்பதற்கு இது முக்கியச் சான்றாகும்.

மூன்று நாடுகள்: நெதர்லாந்து, எசுப்பானியா, ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளில் வானூர்தி நிலையங்களைச் சூழ்ந்த 89 பள்ளிகளில் 9, 10 வயதுடைய 2,844 சிறாரைப் பற்றிய ஆய்வு 2005 இல் வெளியானது. வானூர்தி இரைச்சல் மிகமிக வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனும் அறிந்துணர் நினைவும் குறைந்தன. ஐக்கிய இராச்சியத்தில் 5 டெசிபல் உயர்வு வாசிப்பு வயதில் 2 மாதப் பின்னடைவுக்கு இணையாக இருந்தது.

பார்சிலோனா: 38 பள்ளிகளில் 7 முதல் 10 வயது வரையிலான 2,680 சிறாரை 12 மாதங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 2022 இல் வெளியானது. பள்ளியில் சாலை இரைச்சல் மிகுந்தால் செயல்நினைவும் கவனமும் வளரும் வேகம் குறைந்தது. வீட்டில் பெறும் இரைச்சலுக்கு இத்தகைய தொடர்பு காணப்படவில்லை. கற்கும் நேரத்தில் உள்ள இரைச்சலே முதன்மையானது என்பதை இது உணர்த்துகின்றது.

ஆய்வுகளில் பெண் விலங்குகளின் இடம்

நரம்பியலில் நெடுங்காலம் ஆண் விலங்குகளே பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டன. பெண் விலங்குகளின் இனப்பெருக்கச் சுழற்சி அளவீடுகளில் ஏற்றத்தாழ்வை மிகுவிக்கும் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். 2009 இல் வெளியான விலங்காய்வுகளைத் தொகுத்து பீரி, சுக்கர் ஆகியோர் 2011 இல் எழுதிய கட்டுரையின்படி, நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் கொண்ட ஆய்வுகள் பெண் விலங்குகளை மட்டும் கொண்டவற்றைப்போல் 5.5 மடங்கு இருந்தன. பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண் சுண்டெலிகளினதை விட மிகுதியாக ஏறி இறங்குவதில்லை என 2014 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியதால், மேற்கூறிய காரணமும் வலுவிழந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2016 முதல் தம் நிதியுதவி பெறும் முதுகெலும்பி ஆய்வுகளில் பாலை ஒரு மாறியாகக் கருதுமாறு கோருகின்றன.

இது ஆய்வு முறை பற்றிய சிக்கல் மட்டுமன்று. ஆண் எலிகளில் கண்ட அளவைக் கொண்டு பாதுகாப்பான வரம்பு வகுக்கப்படின், அவ்வரம்பு மாணவியருக்கும் பெண் தொழிலாளருக்கும் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியதாகும். அதேபோல் ஆண்களில் பயன் தரும் தடுப்பு முறை பெண்களில் அதே பயனைத் தரும் எனவும் கொள்ள இயலாது.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. இம்மாவட்டத்தில் இரைச்சல் மிகுந்த சமவெளியும் அமைதியான மலைப்பகுதியும் அருகருகே அமைந்துள்ளன.

சமவெளியில் உளுந்தூர்ப்பேட்டையையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை செல்கின்றது. நெல்லும் கரும்பும் முதன்மைப் பயிர்கள். அரிசி ஆலைகள் இங்குப் பரவலாக உள்ளன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்துள்ளன. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய சரக்குந்துகளும் உழவு இயந்திரங்களும் சாலைகளில் மிகும். பேருந்துகளின் காற்று ஒலிப்பான்கள், ஆடி மாதத் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கிகள் ஆகியன பிற இரைச்சல் மூலங்கள்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இது இரு பிரிவாகக் கொள்ளப்படும். இங்கு மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். வெள்ளிமலை இங்குள்ள ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் ஆகும். சிற்றூர்கள் சிதறிக் கிடப்பதாலும் ஆலைகள் இன்மையாலும் இங்கு இயந்திர இரைச்சல் குறைவு.

இவ்விரு பகுதிச் சிறாரின் மதிப்பெண்களை நேரடியாக ஒப்பிட்டு இரைச்சலின் விளைவை அறிதல் இயலாது. மலைச் சிறாரின் கல்வியை ஊட்டச்சத்து, பள்ளியின் தொலைவு, ஆசிரியர் எண்ணிக்கை, பெற்றோரின் புலம்பெயர் கூலி வேலை ஆகியவை இரைச்சலை விடப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அமைதியான மலையில் மதிப்பெண் குறைவாக இருப்பின், அதனால் இரைச்சல் தீங்கற்றது என்றாகாது. மியூனிக் ஆய்வு போல ஒரே சிறாரை மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அளக்கும் முறையே இத்தகைய இடங்களுக்கு ஏற்றது. புறவழிச்சாலை திறத்தல், சின்னசேலம் - கள்ளக்குறிச்சி தொடர்வண்டிப் பாதை போன்ற திட்டங்கள் அத்தகைய அளவீட்டுக்கு வாய்ப்பளிப்பவை. நியூயார்க் ஆய்வு போல ஒரே பள்ளியில் சாலைப் பக்க வகுப்பறையையும் உட்பக்க வகுப்பறையையும் ஒப்பிடுவது இன்னும் எளிது. மாணவர், மாணவியர் முடிவுகளைத் தனித்தனியே பகுத்தால் பால் வேறுபாடும் வெளிப்படும்.

வெளிப்பாட்டு வேறுபாட்டையும் இப்பகுதியின் தொழில்களில் காணலாம். அரிசி ஆலைகளில் அரவை இயந்திரங்களைப் பெரும்பாலும் ஆண்களும், களத்தில் நெல் உலர்த்தல், புடைத்தல் ஆகிய பணிகளைப் பெண்களும் செய்கின்றனர். எனவே ஆண்களின் இரைச்சல் மட்டம் உயர்ந்தது. ஆயினும் களம் ஆலையை ஒட்டியே இருப்பதால் பெண்களும் பணிநேரம் முழுதும் அவ்விரைச்சலில் இருக்கின்றனர். இயந்திரம் இயக்குவோருக்கு மட்டும் காதடைப்பான் வழங்கப்படின் அவர்கள் விடுபட்டுப் போவர்.

சட்ட வரம்புகள்

இந்தியாவில் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 சுற்றுப்புற ஒலிக்குப் பின்வரும் வரம்புகளை வகுக்கின்றன. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையாகும்.

• தொழிற்பகுதி: பகல் 75, இரவு 70 டெசிபல்
• வணிகப் பகுதி: பகல் 65, இரவு 55 டெசிபல்
• குடியிருப்புப் பகுதி: பகல் 55, இரவு 45 டெசிபல்
• அமைதி வலயம்: பகல் 50, இரவு 40 டெசிபல்

மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிய 100 மீட்டர் பகுதி அமைதி வலயத்திற்கு உரியது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாநில அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதியே அமைதி வலயமாகக் கொள்ளப்படும். ஒரு பள்ளி அமைதி வலயத்தின் காப்பைப் பெறுவதற்கு அதன் பகுதி அறிவிக்கையில் இடம்பெற்றிருத்தல் இதனால் முக்கியமாகின்றது.

சென்னையில் ஒரு வழிபாட்டிடத்தின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் 2000 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், பிறரின் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியால் வழிபடுதல் எச்சமயத்திற்கும் உரிமையாகாது என்று கூறியது. 2005 சூலை 18 அன்று அளித்த மற்றொரு தீர்ப்பில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கான தடையை உறுதிப்படுத்தியது.

உலக சுகாதார அமைப்பு 1999 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாடவேளையில் வகுப்பறைக்குள் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மிகாதிருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. இவ்வரம்புகள் எவற்றிலும் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. எனவே மிகுதியாகப் பாதிக்கப்படக்கூடியவரைக் கருத்திற்கொண்டு வரம்பு அமைதலே இரு பாலாருக்கும் காப்பாகும்.

தணிக்கும் வழிகள்

இரைச்சலை அதன் மூலத்திலேயே குறைத்தல், பரவும் வழியில் தடுத்தல், பெறுபவரிடம் காத்தல் என வழிகள் மூவகைப்படும். பள்ளிகளில் குறைந்த செலவில் செய்யத்தக்கவை சில:

• சாலைப் பக்க அறைகளை அலுவலகம், பண்டக அறை ஆகியவற்றுக்கு ஒதுக்கி, வகுப்புகளை உட்பக்கத்தில் நடத்துதல்.
• சாலையை நோக்கிய பக்கத்தில் இடைவெளியற்ற மதிற்சுவர் எழுப்புதல். மரவரிசை நிழலும் தூய காற்றும் தருமாயினும், மிக அடர்ந்த அகன்ற வரிசையாக இருந்தாலன்றி ஒலியைப் பெரிதாகத் தடுப்பதில்லை.
• தகரக் கூரையின் கீழ் ஒலியுறிஞ்சும் தட்டி அல்லது பலகை அமைத்தல். எதிரொலியை இது குறைப்பதோடு, மழைக்காலத்தில் ஆசிரியரின் குரல் கேட்கவும் உதவும்.
• தேர்வுக் காலங்களில் ஒலிபெருக்கி இசைவுகளை வரையறுக்குமாறு காவல்துறையிடம் விண்ணப்பித்தல்.

தொழிற்கூடங்களில் இயந்திரங்களுக்கு அதிர்வுத் திண்டுகள் அமைத்தல், பணியிடங்களைச் சுழற்சி முறையில் மாற்றுதல், இயந்திரம் இயக்குவோர் மட்டுமன்றி அருகில் பணிபுரியும் அனைவருக்கும் காதடைப்பான் வழங்குதல் ஆகியன வேண்டப்படுவன. நியூயார்க், மியூனிக் ஆய்வுகள் காட்டியவாறு, இரைச்சல் நீங்கும்போது சிறாரின் கற்றல் மீள்கின்றது என்பதால் இம்முயற்சிகள் காலங்கடந்தவை அல்ல.

இவற்றையும் பார்க்க

• ஒலி மாசு
• டெசிபல்
• ஹிப்போகாம்பஸ்
• கார்ட்டிசால்
• ஈஸ்ட்ரோஜன்
• கள்ளக்குறிச்சி மாவட்டம்
• கல்வராயன் மலை